மூன்றாவது வரிசை மஞ்சள் சட்டை

வீடியோ எடுத்துப் பிழைத்த ஒருவனிடம் வந்து, "உங்கள் பார்வைக் கோணத்தைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் அவன் என்னதான் எழுதுவான்? என் கோணம் எப்போதும் ஒன்றுதான். கூட்டம் இடிக்காத இடமாகப் பார்த்து நிற்பேன்.

எங்கள் வட்டாரக் கலைவிழாவின் பழைய வீடியோக்கள் எல்லாம் இப்போது இணையதளத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்படிப் பார்த்த சினிமாப் படிப்பு மாணவர் ஒருவர், "மேடையைப் புறக்கணித்துப் பார்வையாளரை மையப்படுத்திய இந்தக் கலைஞர் யார்?" என்று எழுதிக் கேட்டிருந்தாராம். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நிவேதா அதை எனக்குப் படித்துக் காட்டினாள். பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை. "எதுக்கும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க அங்கிள்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ரஹீம். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, நிக்காஹ், ஞானஸ்நானம் என்று இந்தப் பக்கத்தில் நடந்த நல்ல காரியங்களில் பாதியாவது என் தோள்மேல் ஏறி இறங்கியிருக்கும். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டேன். இப்போது அந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள்.

தொழில் கற்ற கதை சின்னது. தாஸ் அண்ணன் என்பவரிடம் சேர்ந்தேன். ஒயர் சுற்றினேன், விளக்குப் பிடித்தேன். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது, நான் கேமராமேன் ஆகிவிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம்தான். "பொண்ணு மாப்ள எங்கயும் பூட மாட்டாங்க ரஹீம். மேடையிலயேதான் கீவாங்க. வந்தவங்கதான் துன்னுட்டு கெளம்பிடுவாங்க. அவங்கள மொதல்ல எடு."

எவ்வளவு பெரிய உண்மை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. தாலி கட்டியது சரியாக விழவில்லை என்று என்னிடம் ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. ஆனால் மாப்பிள்ளையின் சின்ன மாமனார் கேசட்டில் இல்லையென்றால் அவ்வளவுதான், குடும்பமே திரண்டு கடைக்கு வந்துவிடும். "வேணும்னேதான விட்ட, எவ்ளோ குடுத்தாங்க உனக்கு?" என்று கேட்பார்கள். அதனால் வரிசை வரிசையாக, முகம் முகமாக, ஒருவரையும் விடாமல் எடுக்கப் பழகிக்கொண்டேன். பந்தியில் வாயில் வைக்கப்போகும் நேரத்தில் விளக்கைப் போட்டு நிமிர வைப்பதிலும் எனக்கு நல்ல பெயர் உண்டு.

கலைவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டவர் சாமுவேல் சார். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவர், விழாக்குழுவின் செயலாளர். அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ. கேசட்டைப் போட்டுப் பார்த்து, வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டு, "உங்களிடமிருந்து யாரும் தப்ப முடியாது பாய். விழாவுக்கும் நீங்களே வந்துவிடுங்கள்" என்றார். சாமுவேல் சார் வீட்டில்கூட எழுத்துத் தமிழில்தான் பேசுவார். கோர்ட்டு அவருக்குள் அப்படி ஊறிப்போயிருந்தது. யார் எது சொன்னாலும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பதிவு செய்யப்பட்டது" என்பார். கோபித்துக்கொண்டு பார்த்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்கே எதிராளி பாதி அடங்கிவிடுவான்.

விழாவையும் நான் கல்யாணம் மாதிரியேதான் எடுத்தேன். வேறு எப்படி எடுப்பது என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாட்டுக்காரர் மைக்கைத் தட்டுவது, ஃபிளாஸ்கைத் திறப்பது, கையைத் தூக்குவது, இவ்வளவும் எடுப்பேன். அவர் எங்கேயும் போகப்போவதில்லை என்பதால் உடனே விளக்கைத் திருப்பிக்கொண்டு முதல் வரிசைக்கு வந்துவிடுவேன். சனங்களும் கல்யாண வீட்டில் இருப்பதைப் போலவே நடந்துகொண்டார்கள். பெண்கள் முந்தானையைச் சரிசெய்தார்கள். ஆண்கள் வயிற்றை உள்ளே இழுத்தார்கள். கொட்டாவி விட ஆரம்பித்தவர்கள் அதைப் பாதியிலேயே சிரிப்பாக மாற்றிக்கொண்டார்கள். மேடையில் ஒருவர் ஆலாபனையில் உச்சிக்குப் போய்க்கொண்டிருப்பார், நான் ஐந்தாம் வரிசையில் ஒரு குழந்தையின் மொட்டைத் தலையை நெருங்கிக்கொண்டிருப்பேன். பிறகு கேண்டீன். அங்கே போண்டா தீரும்வரை எடுப்பேன்.

எடிட்டிங்கிலும் குறை வைக்கவில்லை. என்னிடம் இருந்த அத்தனை அலங்காரங்களையும் போட்டேன். வீணை வாசித்த அம்மா ஒரு இதயத்துக்குள் வந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ரோஜா இதழாக உதிர்ந்து போவார். கதாகாலட்சேபத்தில் சோகமான கட்டத்தில் இரண்டு புறாக்கள் குறுக்கே பறக்கும். இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. குழுவில் ஆளுக்கொரு கேசட் போகும். அவரவர் முகம் வருகிறதா என்று பார்ப்பார்கள், வந்ததும் நிறுத்திவிடுவார்கள். கலையைத் தேடி அந்த கேசட்டை ஒருவரும் போட்டதில்லை.

அந்த நிம்மதி சாமுவேல் சார் "நம் கலைவிழா மக்களின் சொத்து, மக்கள் பார்க்கட்டும்" என்று முடிவெடுத்ததும் போய்விட்டது. எல்லா கேசட்டும் குழு அலுவலகத்தின் இரும்பு பீரோவில் அந்துருண்டையோடு கிடந்தன. பூஞ்சை பிடித்ததைத் துடைத்து, நான் ஓட்டிக்கொடுக்க, நிவேதா கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவள், சனி ஞாயிறில் எங்களுக்கு. முதல் கேசட்டைப் பாதி பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், பாடறவங்க எங்க?"

"பாட்டு கேக்குதில்ல?"

"கேக்குது. ஆள் எங்க?"

"மேடையிலதாம்மா. எங்க போயிடப் போறாங்க?"

அவள் திரையில் ஒரு முகத்தைத் தொட்டு, "இந்த ஆரஞ்சு ரிப்பன் பொண்ணு யாரு?" என்றாள். தெரியாது என்றேன். "அவதான் இதுல ஹீரோயின்" என்றாள்.

இருப்பதைத்தானே போடமுடியும், போட்டோம். இசை தெரிந்தவர்கள் கொதித்தார்கள். ஒரு வித்வான் போன் செய்து, "என் கச்சேரியில் என்னைவிட உங்கள் போண்டா அதிகம் தெரிகிறது" என்றார். சாமுவேல் சார், பதிவு செய்யப்பட்டது என்றார். ஆனால் இன்னொரு பக்கம், குரோம்பேட்டையிலிருந்து பொத்தேரி வரைக்கும் உள்ள சனம் மொத்தமும் தளத்துக்குள் புகுந்துவிட்டது. பச்சைப் புடவை எங்கள் அத்தை, தூங்குகிறவர் என் கணித வாத்தியார், அந்த மொட்டை நான்தான் என்று வரிசையாக எழுதினார்கள். ஒருவர், தன் குடையை எடுத்துக்கொண்டு போனவரைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதினார். எடுத்தவரே அதற்குக் கீழே, "மழை பெய்ததே, என்ன செய்வது" என்று பதில் போட்டார்.

அதைத் தொடர்ந்து, என்னை எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

நியாயம்தான். முகம் அவர்களுடையது, நாங்கள் கேட்காமல் எடுத்தோம். முகத்தை மட்டும் மங்கலாக்கலாம் என்றாள் நிவேதா. மூக்கு நோண்டிய ஒருவருக்கு அப்படிச் செய்து பார்த்தோம். மறுநாளே, "யார் இவர், ஏதாவது வழக்கில் மாட்டியவரா?" என்று பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். அவர் ஓடிவந்து, நோண்டினதாவே இருந்திருக்கலாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தோடு அந்த வழியைக் கைவிட்டோம்.

அதன்பிறகு சாமுவேல் சார் ஒரு நடைமுறை வகுத்தார். மறுப்புச் சொல்பவர் நேரில் வரவேண்டும். அந்த நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். வேகமாக ஓட்டிப் பார்க்கக்கூடாது. சம்பந்தப்பட்ட கலைஞருக்கும் சொல்லி அனுப்பப்படும், அவரும் கூட உட்காருவார். பார்த்து முடித்தபிறகும் வேண்டாம் என்றால் ஒரு கையெழுத்து. அன்று மாலைக்குள் வீடியோ போய்விடும். ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. "கையெழுத்துப் போட்டவரிடம் கேள்வி கேட்பது முறையல்ல" என்பார் சார்.

வேடிக்கை என்னவென்றால், உட்கார்ந்து பார்த்தவர்களில் அநேகமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. தட்டில் மலைபோல் போண்டா வைத்திருந்த ஒரு அம்மா, போண்டாவை மறந்து தன் அந்தக் காலத்து இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை என் பெண்ணுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுப் போனார். உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டுக் கச்சேரிக்கு வந்தவர் ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்தார். "அந்த அலுவலகம் இப்போது இருக்கிறதா?" என்று சார் கேட்டார். மூடிவிட்டார்கள் என்றார். "எனில் உங்கள் மேலதிகாரி யார்?" அவர் யோசித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து மீதிக் கச்சேரியைக் கேட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோதண்டம் வழக்கு வந்தது.

கோதண்டம் அஸ்தினாபுரத்துக்காரர். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பேசும் பொம்மை நிகழ்ச்சி நடத்துவார். மடியில் பொம்மையை உட்கார வைத்து, தன் உதடு அசையாமல் பொம்மை பேசுவதுபோலப் பேசும் வித்தை அது. பொம்மையின் பெயர் சிங்காரம். சிவப்புக் கோட்டு, கட்டம் போட்ட லுங்கி. எங்கள் விழாவில் ஒருமுறை நடத்தினார், கல்யாணத்துக்கு முன்பு. பிறகு அவருக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அண்ணன் தேவராஜன், "இந்த ஆளா? நான் விழாவுல பார்த்தேன். உதடு ஆடுது" என்றார். பெண்ணுக்கு அண்ணன் என்று பிறந்துவிட்டால் மாப்பிள்ளையிடம் ஏதாவது ஒரு குறை சொல்லித்தான் ஆகவேண்டும், அது அவர் கடமை. கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அந்தக் குறை நிலைத்துவிட்டது. வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று எங்கே கூடினாலும் பாயசம் வரும்போது தேவராஜன், "மாப்ள நல்லா பண்ணுவாரு, உதடு மட்டும் ஆடும்" என்பார். மொத்தப் பந்தியும் சிரிக்கும்.

உதடு ஆடவில்லை என்று நிரூபிக்க, கோதண்டம் எங்கள் விழா கேசட்டைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். தளத்தில் வந்த அன்றே சொந்தக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, டிவியில் போட்டு, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வீடியோவில் கோதண்டம் வந்தார், வியர்வையைத் துடைத்தார். அத்தோடு சரி. அதன்பிறகு நான் சிங்காரத்தை நெருங்கிவிட்டேன். மேடையில் இருந்ததிலேயே அதுதான் களையான முகம். அங்கிருந்து வழக்கம்போலக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். கோதண்டத்தின் உதடு ஆடியதா இல்லையா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். வீட்டில் ஒரே சிரிப்பு. அவர் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பொம்மையை ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னா பாய், மாப்ளைய வுட்டுட்டு மாலைய மட்டும் எடுத்து வச்சிகீற?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எம் பொண்டாட்டியே பாதி நம்பிட்டா பாய். ஒருநாளு கேக்கறா, 'ஏங்க, கொஞ்சமா ஆடியிருக்குமோ'ன்னு. எத்தினி வருசம் கூட வாய்ந்தவ. நா இன்னா சொல்றது?"

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. முழுசாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பாதியில் பிளக்கைப் பிடுங்கியதைச் சொன்னார். என் வீட்டில் மறுபடி போட்டேன். "உங்களப் பார்க்காதீங்க, நீங்க இல்ல. கூட்டத்தப் பாருங்க" என்றேன்.

கூட்டத்தைப் பார்த்தார். சிங்காரம் பேசும்போது அத்தனை தலையும் ஒரு பக்கம் திரும்பியது. கோதண்டம் பேசும்போது இந்தப் பக்கம் வந்தது. ரயில்வே கேட்டில் நிற்கிறவர்கள் ரயிலைப் பார்ப்பதுபோல எல்லாக் கண்ணும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தன. ஒருவர்கூட, பொம்மை பேசும்போது கோதண்டத்தைப் பார்க்கவில்லை. பேசுவது அவர்தான் என்று எவனுக்கும் ஞாபகமே இல்லை.

அந்த நேரத்தில் சிங்காரத்தின் குரல் கேட்டது. "மூணாவது வரிசை மஞ்ச சட்ட. சாப்ட்டியா?"

என் கேமரா மூன்றாவது வரிசைக்கு ஓடியது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு இளைஞர், தலை நிறைய முடி, பாதி எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "சாப்ட்டேங்க" என்றார்.

"இன்னா சாப்ட்ட?"

"போண்டாங்க."

"எத்தினி?"

"ரெண்டுங்க."

பக்கத்தில் இருந்த நண்பர் அவர் தலைக்குப் பின்னால் மூன்று விரல் காட்டினார். கூட்டம் சிரித்தது. மஞ்சள் சட்டை திரும்பிப் பார்த்துவிட்டு, பொம்மையிடம், "சாரிங்க. மூணு" என்றார்.

கோதண்டம் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவர் யாரையாவது சாப்பிட்டாயா என்று கேட்பது வழக்கம். கண்ணில் மேடை விளக்கு, பதில் சொன்னது யார் என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. "அடப்பாவி" என்றார். "பாய், இது நம்ம மச்சான். தேவராஜன்."

நிவேதா அந்தத் துண்டைத் தனியாக வெட்டி, 'பொம்மையிடம் உண்மையை ஒப்புக்கொண்ட மனிதர்' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டாள். அவ்வளவுதான், ஊர் முழுக்கப் பரவியது. கோதண்டம் வீட்டில் அன்று வடை பாயசம். அவர் மனைவி எனக்கும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினார்.

ஆனால் தேவராஜன் பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறைகள் வாடகைக்கு விடுபவர். கண்டிப்பானவர், பிள்ளைகள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள். இப்போது அவர் படியேறினால் மாடியில் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சாப்டீங்களா அங்கிள்? எத்தனை?" என்கிறார்கள். மறுப்பு மனுவோடு வந்துவிட்டார். முழு வீடியோவும் போகவேண்டும் என்றார்.

எங்கள் அலுவலகம் தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. விசாரணை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தேவராஜன் ஒரு நாற்காலி, கோதண்டம் ஒரு நாற்காலி, மடியில் ரெக்சின் பை. மச்சான் என்றோ மாப்பிள்ளை என்றோ இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கோதண்டத்தின் கையில் இருந்த ஒரே அத்தாட்சி அந்த வீடியோதான். அது போனால் அடுத்த பந்தியில் பாயசம் வரும்போது தேவராஜன் மறுபடி ஆரம்பிப்பார், அந்த அம்மா மறுபடி பாதி நம்புவார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பாய், நீங்கள் சாட்சி அல்ல. கேமரா" என்றார் சாமுவேல் சார்.

வீடியோவைப் போட்டோம். தேவராஜன் முழுசாகப் பார்த்தார். மஞ்சள் சட்டை வந்த இடத்தில் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். விட்டுவிடுவார் என்று நான் கொஞ்சம் நம்பினேன். வீடியோ முடிந்ததும் அவர் கையை நீட்டி, "பேனா குடுங்க" என்றார்.

சார் பேனாவைக் கொடுத்தார். கோதண்டத்தைப் பார்த்து, "தங்கள் தரப்பில் ஏதாவது?" என்றார். மேடையில் அத்தனை பேசுகிற மனிதருக்குத் தனக்காகப் பேசத் தெரியவில்லை. பையின் ஜிப்பைத் திறந்தார். சிங்காரம் வெளியே வந்து மடியில் உட்கார்ந்தது. கோட்டின் சிவப்பு வெளுத்திருந்தது.

"மச்சான்" என்றது சிங்காரம்.

தேவராஜன் பேனாவோடு நிமிர்ந்தார்.

"கையெயுத்து போடறது போடு. ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்வியா?"

"நான் எப்பங்க பொய் சொன்னேன்?"

"ரெண்டுன்னு சொன்னியே."

"அது... உடனே மாத்திச் சொல்லிட்டேனுங்களே."

"தம்பி சற்று அமைதியாக இருக்கட்டும், மனுதாரர் கையெழுத்திடும் நேரம்" என்றார் சாமுவேல் சார், பொம்மையைப் பார்த்து.

"ஒரே கேள்விதான் ஐயா" என்றது சிங்காரம். சார் யோசித்துவிட்டு, கேட்கலாம் என்று தலையாட்டினார். பொம்மை மறுபடி தேவராஜன் பக்கம் திரும்பியது. "அன்னிக்கு நா பேசறப்ப இந்தாளு உதடு ஆடிச்சே. நீ பாத்தியா?"

தேவராஜனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, பொம்மையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "நான் எங்கங்க அவரைப் பார்த்தேன்? உங்களைத்தானே பார்த்துகிட்டு இருந்தேன்."

நிவேதா புடவைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டாள். சாமுவேல் சார் கண்ணை மூடினார்.

"பதிவு செய்யப்பட்டது" என்றார்.

தேவராஜனுக்குத் தான் சொன்னது இன்னதென்று அப்போதுதான் உறைத்தது. காது சிவந்துவிட்டது. பொம்மையைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சாரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான் கோதண்டத்தைப் பார்த்தேன். அவர் உதடு ஆடிக்கொண்டிருந்தது, நன்றாகவே ஆடியது. பொம்மை ஒன்றும் பேசவில்லை. தேவராஜனும் அதைப் பார்த்தார். இந்தமுறை பொம்மையை விட்டுவிட்டு மாப்பிள்ளையைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு, பொம்மையை உள்ளே வைக்க உதவி செய்தார்.